சின்னச் சமையலறையில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தெருமுனைக் கடையிடம் விடுவது?

தாழைமடல்:
எல்லோருக்கும் வணக்கம். பெருநகரத்துக்கு வீடு மாறி இரண்டு மாதம் ஆகிறது. ஆறாவது மாடி. சமையலறையில் நின்று இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். அடுப்பு, தொட்டி, நடுவில் காய் நறுக்கும் பலகை வைக்கிற அளவுக்கு மேடை. அவ்வளவுதான். பழைய வீட்டுச் சாமான்களில் பாதி இன்னும் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது.

கீழே இறங்கினால் பத்து நிமிட நடைக்குள் ஒரு டஜன் சாப்பாட்டுக் கடைகள். முதல் மாதம் முழுக்க அங்கேயே சாப்பிட்டோம். நாக்கு அலுக்கவில்லை, வயிறு அலுத்துவிட்டது. அப்புறம் வைராக்கியமாக ஒரு மாதம் மூன்று வேளையும் வீட்டில் செய்தேன். வேலை முடிந்து வந்து, இரவு பத்து மணிக்கு வாணலி தேய்த்துக்கொண்டு நின்றபோது அழுகையே வந்துவிட்டது.

புதிதாக எதையும் வாங்கும் எண்ணம் இல்லை. இருப்பதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கொடுத்துவிடலாம், எந்தச் சாப்பாட்டைக் கடையிடமே விட்டுவிடலாம் என்பதுதான் கேள்வி. பெட்டியில் இருப்பவை: வார்ப்பிரும்பு வாணலி, நான்ஸ்டிக் வாணலி, எவர்சில்வர் பாத்திரங்கள் மூன்று, 5 லிட்டர் குக்கர், மின்சார அவன், மிக்சி, ஏர்ஃப்ரையர், ஒன்பது கத்தி கொண்ட ஒரு செட்.

கரண்டி:
பதினோரு வருடம் உணவகச் சமையலறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், தங்கை. பாத்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நெருப்பைப் பற்றிப் பேசிவிடுவோம்.

வீட்டு அடுப்பில் பெரிய பர்னரே 3 அல்லது 4 கிலோவாட்தான் தரும். உணவகத்தில் கிளறி வதக்குவதற்கு வைத்திருக்கும் அடுப்பு 20, 30 கிலோவாட் தரும். அந்த வாணலியில் ஒரு கூடை காயைக் கொட்டினாலும் அதிலிருந்து வரும் தண்ணீர் அந்த நொடியே ஆவியாகிவிடும். காயின் ஓரம் கருகும், உள்ளே மொறுமொறுப்பு நிற்கும். அதே காயை அதே அளவு வீட்டு வாணலியில் போட்டால் வாணலியின் சூடு சட்டென்று இறங்கிவிடும், காய் தன் தண்ணீரிலேயே வேகும். எவ்வளவு நல்ல வாணலி வாங்கினாலும் இது மாறாது. பலர் பாத்திரத்தைக் குறை சொல்லி அடுத்தடுத்து வாங்கிக்கொண்டே போகிறார்கள். உண்மையில் குறைவது நெருப்பு.

அதனால் என் கணக்கு இது. கடையிடம் நெருப்பு இருக்கிறது, வீட்டிடம் நேரம் இருக்கிறது. கடும் தீயில் இரண்டு நிமிடத்தில் முடிவது, நிறைய எண்ணெயில் பொரிப்பது, கல் அடுப்பில் சுடுவது எல்லாம் கடைக்கு. மெதுவாக வேகும் பருப்பு, பயறு, எலும்புச் சாறு, கிழங்கு, கீரை எல்லாம் வீட்டுக்கு. வீட்டில் வதக்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டு கைப்பிடியாகப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள்.

மூங்கில்காடு:
"வீட்டிடம் நேரம் இருக்கிறது" என்று கரண்டி அண்ணா எழுதியிருக்கிறார். யார் வீட்டில்? இரவு பத்து மணிக்கு அழுதேன் என்று எழுதியிருக்கிறவரிடம் போய் நேரம் இருக்கிறது என்று சொல்வது எப்படி?

நான் தனி ஆள், ஒரு அறை வீடு. குக்கர், ஒரு கத்தி, ஒரு பாத்திரம் தவிர எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். மதியமும் இரவும் தெருவில்தான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நகரம் என்று ஒன்று உண்டான நாளிலிருந்தே இப்படித்தான். பண்டைய ரோமில் அடுக்குமாடிகளின் மேல்தளங்களில் வாடகைக்கு இருந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சமையலறையே கிடையாது. எரிமலைச் சாம்பலில் கி.பி. 79இல் புதைந்த பொம்பேயில், மேடையில் பெரிய பானைகளைப் பதித்து வைத்துச் சாப்பாடு விற்ற கடைகள் தெருவுக்குத் தெரு தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. நெரிசலான வீடுகளில் நெருப்பு மூட்டுவது ஆபத்து, விறகும் செலவு. அதனால் தெருவில் ஒருவர் மூட்டிய அடுப்பில் நூறு பேர் சாப்பிட்டார்கள். வீட்டில் சமைக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சியை மட்டும் முதலில் தூக்கிப் போடுங்கள்.

கரண்டி:
மூங்கில்காடு கேட்டது நியாயம்தான். நான் சரியாகச் சொல்லவில்லை. அடுப்பின் நேரம் வேறு, நம் நேரம் வேறு. பருப்பு நாற்பது நிமிடம் வேகலாம், அதில் நாம் பக்கத்தில் நிற்க வேண்டியது ஐந்து நிமிடம். காய் வதக்க எட்டு நிமிடம்தான், எட்டு நிமிடமும் கை எடுக்கக் கூடாது, அப்புறம் எண்ணெய் தெறித்த மேடையையும் துடைக்க வேண்டும். களைத்து வருகிறவருக்கு முதல் வகைதான் ஏற்றது. வீட்டில் சமைப்பது என்றாலே அடுப்படியில் நிற்பது என்று நினைத்துக்கொள்கிறோம், அங்கேதான் தப்பு நடக்கிறது.

நீலமணி:
அண்ணா சொல்வதோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். இரண்டு பிள்ளைகள், இரண்டு வேலை எங்கள் வீட்டில். குக்கர் இல்லாமல் எனக்கு ஒரு வாரமும் ஓடாது.

தாழைமடல், குக்கரை முதலில் பெட்டியிலிருந்து எடுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் ஏறத்தாழ 120 டிகிரி வரை போகும். அந்த இருபது டிகிரியில்தான் ஊறவைத்த பயறு கால் மணியில் குழைகிறது. இது 1679லேயே தெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த விஷயம். எலும்பையே மெத்தென்று ஆக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்து, அது வெடித்துவிடாமல் இருக்க வால்வும் வைத்தார்.

எடுத்ததும் நேரே அடுப்பில் ஏற்றாதீர்கள். இரண்டு மாதம் பெட்டியில் இருந்திருக்கிறது. கேஸ்கெட்டைக் கழற்றி இழுத்துப் பாருங்கள், வெடிப்போ விறைப்போ இருந்தால் மாற்றுங்கள். வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பயறு, பருப்பு என்றால் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, நுரை போய் அடைத்துக்கொள்ளும். மற்றவை மூன்றில் இரண்டு பங்கு வரை.

வெப்பமானி:
பாத்திர உலோகங்கள் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே! எனக்கு மிகவும் பிடித்த பேச்சு, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உலோகம் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதற்கு ஒரு எண் உண்டு. செம்புக்கு அது ஏறத்தாழ 400. அலுமினியத்துக்கு 235 பக்கம். வார்ப்பிரும்புக்கு 50. எவர்சில்வருக்கு வெறும் 15. அதாவது மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் கொதிக்கும், இரண்டு விரல் தள்ளி இருக்கும் இடம் ஆறியே இருக்கும். நடுவில் அடிப்பிடித்து ஓரத்தில் வேகாமல் இருப்பது இதனால்தான், உங்கள் கைத்திறன் குறையால் இல்லை. அடியில் அலுமினியத் தகடு வைத்து ஒட்டிய எவர்சில்வர் பாத்திரம் இந்தக் குறையைத் தீர்க்கிறது. உங்கள் மூன்று பாத்திரத்தில் அடி கனமானது எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வார்ப்பிரும்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு, சூட்டைச் சீராகப் பரப்பும் என்று. பரப்பாது, மெதுவாகத்தான் கடத்தும். அதன் பலம் வேறு. கனமாக இருப்பதால் ஒருமுறை சூடேறிவிட்டால் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்ந்த இறைச்சித் துண்டையோ மீனையோ வைத்தாலும் சட்டென்று இறங்காது. கரண்டி அண்ணா சொன்ன நெருப்புக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது இந்த ஒரு குணம்தான். ஆனால் அதற்கு சின்னத் தீயில் எட்டு, பத்து நிமிடம் முன்கூட்டியே வைத்துக் காய விட வேண்டும். அவசரத்துக்கு ஆகாது.

எவர்சில்வரில் முட்டை ஒட்டுகிறது என்பவர்களுக்கு ஒரு சோதனை. காய்ந்த பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சீறிக்கொண்டு மறைந்தால் இன்னும் சூடு போதாது. பாதரசம் போல உருண்டு ஓடினால் போதும், அப்போது எண்ணெய் விட்டுத் தீயைக் கொஞ்சம் குறையுங்கள். சொட்டுக்கு அடியில் மெல்லிய ஆவிப் படலம் உண்டாகி அதைத் தூக்கிப் பிடிக்கிறது. இதை 1756இல் விவரித்து எழுதிய லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால்தான் இன்றும் இதை அழைக்கிறார்கள்.

நான்ஸ்டிக் வேண்டாம், கொடுத்துவிடுங்கள்.

நீலமணி:
வெப்பமானி, கடைசி வரியை மட்டும் நான் ஏற்க மாட்டேன். காலை ஏழு மணிக்கு, பள்ளி வண்டி கீழே நிற்கும்போது, முட்டைக்காகத் தண்ணீர்ச் சொட்டு உருளும் வரை யார் காத்திருப்பது? சின்னதாக ஒரு நான்ஸ்டிக் இருக்கட்டும், முட்டைக்கு மட்டும்.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் கெடத் தொடங்கும், இன்னும் ஏறினால் நச்சுப் புகை விடும். வெறும் வாணலியைப் பெரிய தீயில் வைத்து மறந்துவிட்டால் சில நிமிடங்களிலேயே அந்தச் சூடு வந்துவிடும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டுக் கிளிகள் இரண்டு அப்படித்தான் இறந்தன. தொலைபேசி வந்தது, வாணலியை மறந்துவிட்டேன். எங்களுக்குத் தொண்டை கரகரத்ததோடு சரி. பறவைகளின் நுரையீரல் அதைத் தாங்காது. நான்கு வருடம் ஆகிறது, இன்னும் அந்தக் கூண்டை எடுக்க மனம் வரவில்லை. அதனால் சின்னத் தீ, எண்ணெய் விட்ட பிறகே அடுப்பு, மரக் கரண்டி. வீட்டில் பறவை இருந்தால் நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம்.

வெப்பமானி:
வருத்தமாக இருக்கிறது அக்கா. உங்கள் நிபந்தனைகளோடு என்றால் எனக்கும் சம்மதம். முட்டைக்கு ஒன்று இருக்கட்டும்.

தாழைமடல்:
நீலமணி அக்கா, இது தெரியாமலே இத்தனை வருடம் பெரிய தீயில் வெறும் வாணலியைக் காய வைத்துக்கொண்டிருந்தேன். நன்றி.

குக்கரை எடுத்துவிட்டேன். கேஸ்கெட் விறைத்துப் போய்த்தான் இருந்தது, புதிது போட்டாயிற்று. இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று கத்தி. இரண்டு, புகை. ஜன்னல் ஒன்றுதான், அதுவும் சமையலறையில் இல்லை. அடுப்புக்கு மேல் சிம்னி இருக்கிறது, ஆனால் அதற்கு வெளியே போகும் குழாய் இல்லை.

கரண்டி:
கத்தி: பெரியது ஒன்று, உங்கள் முன்கையைவிடக் கொஞ்சம் குட்டை, 20 செ.மீ. அலகு. சின்னது ஒன்று, பழம் சீவ. ரொட்டி அறுப்பவராக இருந்தால் பல் வைத்த கத்தி ஒன்று. மிச்ச ஆறையும் கொடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு தீட்டுக்கல் வாங்கி வையுங்கள், 1000 எண் சொரசொரப்பு போதும். கல்லின் மேல் கத்தியை 15 முதல் 20 டிகிரி சாய்த்து, அந்தச் சாய்வு மாறாமல் இழுக்க வேண்டும். முதல் இரண்டு முறை சரியாக வராது, மூன்றாவது முறை வரும். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும், வழுக்கும் என்பதால். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரியுங்கள், நகராது. உங்கள் மேடை அளவுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நான் வேலை பார்த்த இடங்களில் நல்ல சமையல்காரர்கள் யாரும் பத்துக் கத்தி வைத்திருக்கவில்லை. ஒரே கத்தி, தினமும் தீட்டியது, துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

வெப்பமானி:
புகைக்கு: குழாய் இல்லாத சிம்னி காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், கரி வடிகட்டி புதிதாக இருந்தால் வாடையையும் குறைக்கும். ஈரமும் சூடும் உள்ளேயேதான் இருக்கும். எரிவாயு அடுப்பு என்றால் தீச்சுடரிலிருந்தே நைட்ரஜன் டைஆக்சைடு என்ற, மூச்சுக்குக் கெடுதலான வாயு வரும், அதற்கும் அது சரியான தீர்வு இல்லை. அறை ஜன்னலைத் திறந்து, ஒரு மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். வாய்ப்பு இருந்தால் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாம். எரிவாயுவில் சூட்டில் ஒரு பெரிய பங்கு பாத்திரத்தைச் சுற்றி மேலே போய்விடுகிறது. இண்டக்‌ஷனில் பாத்திரத்தின் அடியே சூடாகிறது, அதனால் சமையலறையும் இவ்வளவு வேகாது. மாறுவதற்கு முன் ஒரு காந்தத்தைப் பாத்திர அடியில் ஒட்டிப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால் அது இண்டக்‌ஷனுக்கு ஆகும். வார்ப்பிரும்பு எப்போதும் ஆகும். சில எவர்சில்வரும் வெறும் அலுமினியமும் ஆகாது.

இன்னொன்று. சின்னச் சமையலறை என்று மனம் தளர வேண்டாம். மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறையை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்று கணக்கிட்டு ஒவ்வொரு தட்டுக்கும் இடம் குறித்தார். இன்று நாம் வழக்கமாகப் பார்க்கும், அலமாரிகளைச் சுவரோடு பொருத்திய சமையலறைக்கு அதுதான் முன்னோடி. கை எட்டும் தூரத்தில் எல்லாம் இருப்பது ஒரு வசதி, அதை வசதியாகவே பயன்படுத்துங்கள்.

மின்சார அவனைக் கொடுத்துவிட்டு ஏர்ஃப்ரையரை வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. அதுவும் காற்றாடி வைத்த குட்டி அவன்தான், சீக்கிரம் சூடாகும்.

கரண்டி:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாலு பேருக்கு என்றால் அதில் மூன்று தடவை வைக்க வேண்டும், முதல் தட்டு ஆறிப்போகும். அவன் என்றால் ஒரே தட்டில் காய், கிழங்கு, மீன் எல்லாம் பரப்பி வைத்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வரலாம்.

தாழைமடல்:
நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் தம்பி குடும்பம் மாதம் ஒருமுறை வரும். யோசிக்கிறேன்.

மூங்கில்காடு:
எல்லோரும் வீட்டுப் பக்கமே பேசுகிறீர்கள். தெருப் பக்கமும் கொஞ்சம் பேசுவோம். பத்து நிமிட நடைக்குள் ஒரு டஜன் கடை என்றால் எதை நம்புவது? கரண்டி அண்ணா உள்ளிருந்து பார்த்தவர், சொல்லுங்களேன்.

கரண்டி:
சொல்கிறேன். பட்டியல் குட்டையாக இருக்கிற கடையைப் பாருங்கள். எண்பது வகை போட்டிருக்கிற சின்னக் கடையில் பாதிக்கு மேல் முன்னாலேயே செய்து குளிரில் வைத்ததாகத்தான் இருக்கும், வேறு வழியே கிடையாது. வாசலில் நின்று மூச்சை இழுங்கள். பழைய எண்ணெய்க்கு வண்ணப்பூச்சு போல ஒரு கசப்பு வாடை உண்டு, ஒருமுறை பிடிபட்டால் மறக்காது. கூட்டம் அதிகமாக வந்து போகும் கடையில் பொருள் தேங்காது.

நல்ல கடை கிடைத்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஓய்ந்த நேரத்தில் போங்கள். எது நன்றாக இருந்தது என்று அடுப்படியில் நிற்பவரிடமே சொல்லுங்கள். எனக்குப் பதினோரு வருடத்தில் அப்படி வந்து சொன்னவர்கள் இருபது பேர் இருப்பார்கள், அவர்கள் முகம் எல்லாம் நினைவிருக்கிறது. உப்புக் குறைவாக வேண்டும், எண்ணெய் குறைவாக வேண்டும் என்று அவர்கள் கேட்டால் செய்து தருவோம். முகம் தெரியாமல் கைப்பேசியில் கேட்பவருக்கு அது நடக்காது.

பார்சல் வாங்கினால் குழம்பு, சாறு வகைதான் வாங்க வேண்டும். பொரித்ததை மூடிய டப்பாவில் போட்டால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும், வீடு வருவதற்குள் தோல் தொளதொளத்துவிடும். பொரித்ததை அங்கேயே நின்று சாப்பிடுங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் மூடியைத் திறந்தே கொண்டுவாருங்கள்.

நீலமணி:
பார்சல் மிச்சம் பற்றி ஒரு வார்த்தை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சோறு இன்னும் கவனம். பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதியிலும் சாகாது, சோறு மெதுவாக ஆறும்போது முளைத்து நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தாழைமடல்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிறு மதியம் குக்கரில் இரண்டு வகைப் பருப்பு, பயறு, கிழங்கு வேகவைத்துப் பிரித்து வைத்துவிடுகிறேன். வார நாட்களில் அதோடு கீரையோ முட்டையோ, இருபது நிமிடத்தில் முடிகிறது. செவ்வாயும் வெள்ளியும் வெளியே. முனையில் ஒரு அம்மாவின் கடை. எட்டே வகை. எட்டரை மணிக்கு மேல் போகிறோம், அப்போதுதான் அவருக்குப் பேச நேரம் இருக்கிறது. மூன்றாவது வாரம் நான் கேட்காமலே எண்ணெய் குறைத்துப் போட்டுத் தந்தார். வீட்டில் வதக்கும் வேலையை அநேகமாக விட்டே விட்டேன்.

ஆறு கத்தி, இரண்டு எவர்சில்வர், ஏர்ஃப்ரையர் கொடுத்தாயிற்று. தம்பி பிள்ளைகளுக்காக மின்சார அவனை வைத்துக்கொண்டேன், மன்னிக்கவும் வெப்பமானி. மேடையில் இப்போது பலகை வைத்த பிறகும் ஒரு முழம் இடம் இருக்கிறது. பத்து மணிக்கு அங்கே எதுவும் கிடப்பதில்லை.

ஒரே ஒரு சிக்கல். வார்ப்பிரும்பு வாணலியில் எதுவும் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவி அவனில் வைத்தேன், கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

வெப்பமானி:
நன்றாக இருக்கிறதே, மன்னிப்பு எதற்கு! எண்ணெய் கூடிப்போயிருக்கிறது. சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான படலமாக மாற வேண்டும். படலம் தடித்தால் முழுதும் மாறாமல் பாதியில் நின்றுவிடும். வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, தீயில் காயவைத்து, சில சொட்டு எண்ணெய் மட்டும் விட்டுப் பூசுங்கள். அப்புறம் எண்ணெயே பூசாதது போல ஆகும்வரை காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். கவிழ்த்து 230 டிகிரியில் ஒரு மணி நேரம். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

தாழைமடல்:
சனிக்கிழமை செய்துவிட்டுச் சொல்கிறேன்.